‘சரீரம் உயிர்த்தெழுதலும்’ என்ற இடத்தில் நின்றுவிடும் குரல்

வாசகர் கேள்வி (சுருக்கப்பட்டது):

எனக்கு வயது 52. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து வளர்ந்தவள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓய்வுநாள் பள்ளியில் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு என் தகப்பனார் புற்றுநோயால் இறந்தார். அடக்க ஆராதனையில் குழிக்குள் மண் தள்ளும் நேரத்தில், இந்த உடல் மறுபடி எழும்பும் என்று நான் நம்பவே இல்லை என்பது எனக்கே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து ஆலயத்தில் எல்லோரும் சேர்ந்து விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது ‘சரீரம் உயிர்த்தெழுதலும்’ என்ற இடம் வந்ததும் குரல் நின்றுவிடுகிறது. உதடுகளை மட்டும் அசைக்கிறேன். ஆனால் அப்பா எங்கிருந்தோ எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் உறுதியாக நம்புகிறேன். யார் செய்த பாவமோ, அவ்வளவு நல்ல மனிதருக்கு அப்படி ஒரு நோய் வந்தது என்றும் அடிக்கடி தோன்றுகிறது. இதற்கிடையில் மகளுக்கு நம் ஆட்களுக்குள்ளேயே நல்ல இடம் அமைந்தது. நிச்சயதார்த்தத்துக்கு நேரம் குறிக்கும்போது யாருக்கும் தெரியாமல் ராகு காலம் பார்த்தேன், பார்த்துவிட்டு அழுதேன். போன மாதம் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு சிறுவன், “எங்க தாத்தா எந்த வயசுல எழும்புவாங்க டீச்சர்? இருமிக்கிட்டே எழும்புவாங்களா?” என்று கேட்டான். பாடப் புத்தகத்தில் உள்ள பதிலைச் சொல்லி அவனை உட்கார வைத்தேன். நான் மாய்மாலக்காரியா? பள்ளியை விட்டுவிடலாமா? குருவானவரிடம் சொல்ல வேண்டுமா? கணவரிடம்கூட இதுவரை சொல்லவில்லை.

ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரி அவர்களுக்கு,

உங்களுக்கு நீங்களே சூட்டிக்கொண்ட பெயரிலிருந்து தொடங்குகிறேன். மத்தேயு ஆறாம் அதிகாரம் ‘மாயக்காரர்’ என்று சொல்வது, மனுஷர் காணும்படியாக வீதிச் சந்திகளில் நின்று ஜெபம்பண்ண விரும்புகிறவர்களை. அவர்களுக்குப் பார்க்கிறவர்கள் தேவை. உங்களுக்கோ பார்க்கிறவர்களே பாரமாக இருக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் கவனித்துவிடுவாரோ என்று பயந்து உதடுகளை அசைக்கிறீர்கள், வீட்டுக்குப் போய் அழுகிறீர்கள். உங்கள் கடிதத்தில் வேறோர் இடத்தில் அந்தச் சொல் பொருந்தக்கூடும். அதற்குப் பிறகு வருகிறேன். நீங்கள் கண்ணீர்விட்ட இடங்களுக்கு அது பொருந்தவில்லை.

உயிர்த்தெழுதல் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி ஓர் உளவியல் ஆலோசகருக்குக் கிடையாது. நானும் பாமாலையும் கீர்த்தனையும் கேட்டு வளர்ந்தவள்தான் என்றாலும், அந்த உரிமையை இந்தப் பதிலில் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. நம்புகிற மனம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி மட்டும் சிலவற்றைச் சொல்ல முடியும்.

ஜஸ்டின் பாரெட், பிராங்க் கைல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1996இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடவுள் எப்படிப்பட்டவர் என்று கல்லூரி மாணவர்களிடம் நேராகக் கேட்டபோது, எங்கும் இருப்பவர், ஒரே சமயத்தில் எத்தனை காரியங்களையும் கவனிக்கக்கூடியவர், எல்லாம் அறிந்தவர் என்று மறையியல் பேராசிரியர் மெச்சும்படியான பதில்கள் வந்தன. அவர்களுக்குச் சில சிறுகதைகளும் கொடுக்கப்பட்டன. ஒரு கதையில், பாறைகள் நிறைந்த ஆற்றில் நீந்திக்கொண்டிருந்த பையனின் கால் சிக்கிக்கொள்கிறது. அவன் கடவுளிடம் மன்றாடுகிறான். அந்த நேரத்தில் கடவுள் உலகின் வேறொரு பகுதியில் வேறொருவரின் ஜெபத்துக்குப் பதில் அளித்துக்கொண்டிருந்தாலும், சற்று நேரத்தில் பாறையை நகர்த்திப் பையனை விடுவிக்கிறார். கதையைச் சற்றுப் பின் நினைவுகூர்ந்து சொல்லச் சொன்னபோது, கடவுள் முதல் வேலையை முடித்துவிட்டுப் பிறகு பையனிடம் வந்ததாகப் பலர் நினைவில் வைத்திருந்தார்கள். கதையில் அப்படி எழுதியிருக்கவில்லை. எங்கும் நிறைந்தவர் என்று எழுதிக் கொடுத்த அதே கை, ஓரிடத்து வேலையை முடித்துக்கொண்டு மறுவீட்டுக்கு ஓடும் மருத்துவரைப்போல ஒரு கடவுளை மனத்துக்குள் வரைந்திருந்தது. பாரெட் பின்னர் வட இந்தியாவில் இந்துக்களிடம் இதே முறையில் ஆராய்ந்தபோதும் முடிவு ஏறக்குறைய அப்படியே இருந்தது.

இந்த மாணவர்கள் பொய் சொன்னார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர்களுடைய நம்பிக்கை இரண்டு தட்டுகளில் இருந்தது. நிதானமாக யோசித்துப் பதில் சொல்லும்போது மேல்தட்டு பேசுகிறது. அங்கே உபதேசமும் ஞானோபதேச வினாவிடையும் திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடம் செய்த வரிகளும் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன. அவசரத்திலும் அச்சத்திலும் துக்கத்திலும் கீழ்த்தட்டு பேசுகிறது; அங்கே பாட்டி சொன்னது, தெருவில் கேட்டது, உடம்பு தானாகக் கற்றுக்கொண்டது எல்லாம் கலந்து கிடக்கின்றன. தகப்பனாரின் குழிக்கருகே நின்றபோது உங்களுக்கு நேர்ந்தது விசுவாசத்தை இழந்தது என்று நீங்கள் எழுதுகிறீர்கள். நான் அதை அப்படி வாசிக்கவில்லை. மேல்தட்டில் இருந்த ஒரு வரி கீழே இறங்கியதே இல்லை என்பது அன்றுதான் உங்களுக்குத் தெரிந்தது. அதற்கு முன் அதைச் சோதிக்க உங்களுக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

இந்த நிலையில் நீங்கள் தனியாக இல்லை. அமெரிக்காவைச் சேர்ந்த பியூ ஆய்வு மையம் 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை இந்தியாவில் ஏறத்தாழ 30,000 பேரை நேரில் கண்டு பேசி நடத்திய ஆய்வில், கிறிஸ்தவர்களில் 54 சதவீதத்தினர் கர்ம வினையை நம்புவதாகச் சொன்னார்கள். ஏறத்தாழ பத்தில் மூவர் மறுபிறவியை நம்புவதாகச் சொன்னார்கள். இது நம் நாட்டுக் காற்றின் விளைவு என்றும் ஒதுக்கிவிட முடியாது. அதே மையம் 2019இல் அமெரிக்கக் கத்தோலிக்கரிடம் கேட்டபோது, திருப்பலியில் அப்பமும் இரசமும் மெய்யாகவே கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்ற தங்கள் திருச்சபையின் மையப் போதனையை நம்பியவர்கள் 31 சதவீதத்தினர் மட்டுமே; மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அது ஓர் அடையாளம். இவர்களிலும் ஞாயிறுதோறும் உங்களைப்போலவே எழுந்து நின்று உரத்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேறுபாடு என்னவென்றால், அவர்களில் பெரும்பாலோர் தங்கள் குரல் எந்த வரியில் நிற்கிறது என்று கவனிப்பதில்லை.

உங்கள் கடிதத்திலேயே இதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. உயிர்த்தெழுதலை நம்ப முடியவில்லை என்பதற்கு இரண்டு பக்கம் வருந்தியிருக்கிறீர்கள். ‘யார் செய்த பாவமோ’ என்பதை ஒரே வரியில், வருத்தம் ஏதுமின்றி எழுதிவிட்டுப் போகிறீர்கள். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் கேட்டதும் இதையேதான்: “இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ?” இரண்டும் இல்லை என்று அவர்கள் போதகர் நேராக மறுத்தார். அந்தப் பகுதியை நீங்கள் எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். அப்படியிருந்தும், நோய் வந்தால் யாரோ செய்த பாவம் இருந்தாக வேண்டும் என்ற கணக்கு கீழ்த்தட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கணக்குதான் உங்கள் துக்கத்தை அதிகமாக அரித்துக்கொண்டிருக்கிறது என்பது என் கணிப்பு. நல்ல மனிதருக்கு நோய் வந்ததற்குக் கணக்குத் தீர்க்க ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கும் மனத்தால் சரியாக அழ முடிவதில்லை.

இனி உயிர்த்தெழுதல். பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபம், இயேசு சிலுவையில் அறையப்பட்டு ஒரு தலைமுறைகூட முடியாத காலத்தில் எழுதப்பட்டது. அதில் அவர், “மரித்தோரின் உயிர்த்தெழுதலில்லையென்று உங்களில் சிலர் எப்படிச் சொல்லலாம்?” என்று கேட்கிறார். ‘உங்களில் சிலர்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். அவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அந்தச் சபைக்குள்ளேயே இருந்தவர்கள். மத்தேயு சுவிசேஷத்தின் கடைசிப் பகுதி இதைவிட வியப்பானது. உயிர்த்தெழுந்தவரையே மலையில் நேராகக் கண்ட பதினொருவரைப் பற்றி, “அவர்கள் அவரைக் கண்டு, பணிந்துகொண்டார்கள்; சிலரோ சந்தேகப்பட்டார்கள்” என்று எழுதியவர், அந்தச் சந்தேகம் தீர்ந்ததா என்று அடுத்த வசனத்திலும் சொல்லவில்லை. பணிதலும் சந்தேகமும் ஒரே வாக்கியத்துக்குள் நிற்கின்றன. உங்கள் நிலைமைக்கு இடம் கொடுக்காத நூல் என்று அதைக் கருத வேண்டாம்.

அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற உங்கள் நம்பிக்கையையும் பொய் என்று பிடுங்கி எறிய முயலாதீர்கள். உடலோடு எழும்புதல் என்ற பழைய போதனையைவிட, ஆத்துமா பரலோகத்துக்குப் போய்விட்டது என்ற எண்ணமே நம் வீடுகளில் நடைமுறை நம்பிக்கையாக இருந்து வருகிறது. ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று ஒரு சுவரொட்டியும் ‘பரலோக பதவி அடைந்தார்’ என்று அடுத்த சுவரொட்டியும் ஒரே மனிதருக்காக ஒட்டப்படும்போது, உறங்குகிறாரா, போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது துக்க வீட்டின் மரியாதை.

ராகு காலத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் வசன நாள்காட்டி முன்னறையில் தொங்கும். மளிகைக் கடைக்காரர் கொடுத்த தினசரி நாள்காட்டி சமையலறையில் தொங்கும். விருந்தினர் கண்ணில் படுவது முதலாவது; நாம் நேரம் பார்ப்பது இரண்டாவதில். என் பெரியம்மா ஒருவர் புத்தாண்டு ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை எடுத்தபோது, “நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்” என்ற வசனம் வந்தது. ஆறுதல் அடைவார் என்று நினைத்தோம். அவர் முகம் வெளிறிவிட்டது. “ஏதோ வரப்போவுது, அதான் பயப்படாதேன்னு சொல்லுதாரு” என்று சொல்லி, யாரும் பார்க்காத நேரத்தில் அந்த அட்டையைத் தட்டிலேயே போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டார். சோதிடக்காரனை வாசலில் நிற்க விடாதவர் அவர். நாள் கோள் பார்ப்பதை விட்டுவிட்ட மனம், பார்ப்பதற்கு வேறொன்றைக் கண்டுபிடித்துக்கொண்டது.

மகளின் வாழ்வு நன்றாக அமைய வேண்டுமே என்ற அச்சம் கையைப் பிடித்து நாள்காட்டிக்கு இழுத்தது. உங்கள் செயலில் நான் காண்பது இவ்வளவுதான். அச்சம் பழக்கத்தின் வழியாக நடக்கும். அந்தப் பழக்கத்தை மாற்ற உபதேசம் அதிகம் உதவாது. பார்க்கத் தோன்றும்போது பார்க்காமல் ஒரு காரியத்தைச் செய்து முடித்து, வந்த பதற்றம் தானாகத் தணியும்வரை பொறுத்திருப்பதுதான் எங்கள் தொழிலில் சொல்லும் வழி. முதலில் சிறிய காரியத்தில் செய்து பாருங்கள். திருமண நாளில் தொடங்க வேண்டாம்.

இப்போது நீங்கள் அழாத இடத்துக்கு வர வேண்டும். ‘நம் ஆட்களுக்குள்ளேயே நல்ல இடம் அமைந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தில் உங்கள் பேனா எங்கும் தயங்கவில்லை. மகளுக்கு மணமகன் தேடியதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் விரும்பினால் எனக்கு அதில் பேச எதுவும் இல்லை. ஆனால் வாயால் சொல்வதற்கும் மனம் நம்புவதற்கும் உள்ள இடைவெளியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நம் சபைகளில் அந்த இடைவெளி மிக அகலமாக இருப்பது இங்கேதான் என்பதால் கடந்து போக முடியவில்லை.

கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேறுபாட்டை அறவே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் ஏராளமானோர் சபையை விட்டே வெளியேறினார்கள். விசுவாசப் பிரமாணத்தின் எந்த வரியோடும் அவர்களுக்குத் தகராறு இல்லை. உயிர்த்தெழுதலையும் நித்திய ஜீவனையும் குரல் நிற்காமல் சொன்னவர்கள்தாம். உங்கள் மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயம், இரண்டு சாதியாரும் ஒருவரையொருவர் பாராமல் பூசை காணும்படி இரண்டு கைகளாகப் பிரித்துக் கட்டப்பட்டது. நடுவில் இருந்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. ஒருவர் மெய்யாக எதை நம்புகிறார் என்று அறிய, எதன் பொருட்டு அவர் எழுந்து வெளியே போவார் என்று பார்ப்பது நல்ல அளவுகோல்.

நீங்கள் கேட்ட ‘மாயம்’ என்ற சொல்லும் இங்கேதான் வருகிறது. கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில், புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவரோடு, ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்த பேதுரு, யாக்கோபினிடத்திலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொள்கிறார். மற்றவர்களும் அவரோடுகூட ‘மாயம்பண்ணினார்கள்’ என்கிறார் பவுல். பேதுருவின் உபதேசத்தில் பிழை இல்லை. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதில்தான் பிழை இருந்தது. ராகு காலம் பார்த்ததால் மகளுக்கும் பிறருக்கும் நீங்கள் தீங்கு செய்துவிடவில்லை. சரீரம் எழும்பும் என்று நம்ப முடியாததாலும் யாரும் காயப்படவில்லை. சாதி என்ற இந்த மூன்றாவது இடைவெளிக்கு மறுபக்கத்தில் மட்டும் மனிதர்கள் நிற்கிறார்கள். இதைப் பற்றி நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சபையார் கூடி உண்ணும் அடுத்த அசனப் பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று மட்டும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

உங்கள் மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்ல முடியும். விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லலாமா என்று கேட்டால், அது தொடக்கத்தில் எப்படி இருந்தது என்று நினைவூட்டுவேன். அப்போஸ்தலர் ஆளுக்கொரு வரியாகச் சொன்னார்கள் என்ற பழங்கதை இருந்தாலும், அது தண்ணீரில் நிற்பவரிடம் ஞானஸ்நானத்தின்போது கேட்ட ‘விசுவாசிக்கிறாயா?’ என்ற கேள்விகளுக்கான பதில்களிலிருந்து வளர்ந்தது. அது தேர்வுத்தாளாக இருந்ததைவிட வாக்குக் கொடுப்பதாகவே இருந்தது. தமிழும் இதற்கு ஒத்துப்போகிறது. ஆலயத்துக்கு வெளியே நாம் விசுவாசம் என்று யாரைச் சொல்கிறோம்? நாயைச் சொல்கிறோம், நெடுநாள் கூட இருந்த வேலைக்காரரைச் சொல்கிறோம். விட்டுப் போகாமல் நிற்பதைத்தான் அந்தச் சொல்லால் குறிக்கிறோம். அந்தப் பொருளில், குரல் நின்றபோதும் வரிசையில் நின்றுகொண்டிருக்கும் உங்களை விசுவாசி அல்ல என்று எப்படிச் சொல்வது? அந்த வரி வரும்போது சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். முடியாத ஞாயிறுகளில் வாயை மூடிக்கொண்டு மற்றவர்கள் சொல்வதைக் கேளுங்கள். சொல்லாத சொல்லுக்கு உதடசைப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். களைப்பு வருவது அதனால்தான்.

கணவரிடம் முதலில் சொல்லுங்கள், குருவானவரிடம் பிறகு. கணவரிடம் உபதேசப் பிரச்சினையாகத் தொடங்க வேண்டாம். குழிக்கருகே நின்ற அந்த நேரத்தைச் சொல்லுங்கள். அவருக்கும் அப்படி ஒரு நேரம் இருந்திருக்க வாய்ப்புண்டு. குருவானவரைப் பொறுத்தவரை, ஒருவர் சொன்னதைப் பிரசங்கத்தில் பெயரில்லாமல் எடுத்துக்காட்டாக்கும் பழக்கம் உள்ளவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவர் என்றால், பணி ஓய்வு பெற்ற மூத்த குரு ஒருவரை நாடுவது நல்லது.

தொழில்முறையில் ஒன்றைக் கேட்டாக வேண்டும். இந்த எண்ணங்கள் நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக உங்களைப் பிடித்துக்கொள்கின்றனவா? ஜெபத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பத் தொடங்குகிறீர்களா? ஒரே பாவத்துக்குப் பலமுறை மன்னிப்புக் கேட்டும் அமைதி இல்லையா? தூக்கம் கெட்டிருக்கிறதா? ஆம் என்றால், எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.) சமய உருவத்தில் வந்திருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, மனநல மருத்துவரைப் பாருங்கள். கடிதத்தை வைத்துப் பார்க்கையில் எனக்கு அது துக்கமாகவே தெரிகிறது. என்றாலும் கடிதத்தை வைத்து நோயை முடிவுசெய்ய முடியாது.

ஓய்வுநாள் பள்ளியை விட வேண்டாம். அந்தச் சிறுவன் உங்களிடம் கேட்டது, கொரிந்து சபையில் ஒருவர் கேட்கக்கூடும் என்று பவுல் எழுதிய அதே கேள்வி: “எப்படிப்பட்ட சரீரத்தோடே வருவார்கள்?” பவுல் அப்படிக் கேட்பவரை ‘புத்தியீனனே’ என்று அதட்டிவிட்டுத்தான் பதில் சொல்லத் தொடங்குகிறார், கேட்டது ஏழு வயதுப் பிள்ளையாக இருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். “பலவீனமுள்ளதாய் விதைக்கப்படும், பலமுள்ளதாய் எழுந்திருக்கும்” என்பது அவர் பதில். வருகிற ஞாயிறு அவனைத் தனியே கூப்பிட்டு, தாத்தா இருமிக்கொண்டே எழும்ப மாட்டார் என்று பவுல் எழுதியிருப்பதாகச் சொல்லுங்கள். எந்த வயதில் என்று பவுல் எழுதவில்லை, டீச்சருக்கும் தெரியவில்லை, டீச்சரும் தன் அப்பாவைப் பற்றி அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்றும் சொல்லுங்கள். பிறகு அவன் தாத்தா எப்படி இருப்பார், அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று கேளுங்கள்.